தரை தட்டுன படகும் தரையே கெடைக்காத படகும்

மீட்டர்ல நம்பர் ஏறிக்கிட்டே போவுது. 6, 9, 14, 22. படகுக்கு அடியில எவ்ளோ தண்ணி இருக்குன்னு காட்டுற மீட்டர் அது, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டி. கரைய வுட்டு வந்து ஒரு மணி நேரம் ஆயிருக்கும், 40 ஆச்சு, 75 ஆச்சு, 110ன்னு காட்டுச்சி, அப்புறம் நம்பரே காணாம மூணு கோடு மட்டும் நின்னுச்சி. "என்னடா மீட்டர் போயிடுச்சா"ன்னு கேட்டேன். எங்க கூட்டாளி கொக்கு சிரிச்சான். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. அதுக்குமேல அதுக்கு எட்டாது."

அப்ப எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆச்சு பாருங்க, அது ஆட்டத்துனால வந்தது இல்ல. நான் பொறந்து வளந்ததெல்லாம் திருத்துறைப்பூண்டி பக்கம். எங்களுக்குத் தண்ணின்னா எறங்குனா காலுல சேறு தட்டணும். வாய்க்கா இடுப்பளவு, குளம் கழுத்தளவு, ஆத்துல வேணா ஆடி மாசம் ஆளு முழுகுற தண்ணி வரும், அதுவும் மேட்டூர்ல தொறந்து அது கடைமடை வரைக்கும் வந்து சேந்தாத்தான். முத்துப்பேட்ட லகூன் அவ்ளோ பெருசா பரந்து கெடக்குதே, அதுவே பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழந்தான். மெக்சிகோ நாட்டோட பசிபிக் பக்கம் நாங்க போன இந்த வளைகுடாவுல சில எடத்துல 900 மீட்டருக்கு மேல ஆழமாம். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், பெரிய கோயில் விமானம் 216 அடி, பதிமூணு விமானத்த ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி உள்ள எறக்குனாலும் மேல் கலசம் வெளிய தெரியாது. அதுக்குமேல ஒரு பழைய பாய்மரப் படகுல கூட்டாளிங்க மூணு பேரு உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கோம்.

எப்படி அங்க போனேன்னு சொல்லிடுறேன், இல்லன்னா உரக்கடைக்காரனுக்கு ஏது மெக்சிகோன்னு கேப்பீங்க. தங்கச்சி டல்லஸ்ல இருக்கா, அவ கொழந்தையப் பாக்க அமெரிக்க விசா எடுத்திருந்தேன். அந்த விசா செல்லுபடியா இருந்தா மெக்சிகோவுக்குத் தனியா விசா வேணாம், இதக் கொக்குதான் கண்டுபிடிச்சிச் சொன்னான். கொக்குன்னா எங்க காலேஜ் செட்டு, ஆளு ஆறடி, காலு குச்சி, அதனால அந்தப் பேரு. மெக்சிகோவுல குவாதலஹாராங்கிற ஊர்ல சாஃப்ட்வேர் வேல பாக்குறான், ஒம்போது வருசமாச்சு, ஸ்பானிஷ்லயே சண்ட போடுற அளவுக்கு ஆயிட்டான். பாய் முத்துப்பேட்டைக்காரன், இப்ப டொரான்டோவுல. நாலாவது ஆளு வாத்தி, மன்னார்குடியில பிசிக்ஸ் வாத்தியாராவே ஆயிட்டான், காலேஜ்லயே அவனுக்கு அந்தப் பேருதான். அவனுக்கு லீவும் கெடைக்கல விசாவும் இல்ல. தை அறுவட முடிஞ்சி கடையில யாவாரம் படுத்துக் கெடக்குற நேரமா பாத்து நான் கெளம்புனேன். மாசி மாசம் உரக்கடையில ஈ ஓட்டுறதுக்குப் பதிலா பசிபிக் கடல்ல ஓட்டலாம்னு கொக்கு சொன்னான்.

எடத்துக்குப் பேரு பந்தேராஸ் வளைகுடா. மெக்சிகோவோட மேற்குக் கரை. அரை வட்டமா நெலத்துக்குள்ள புகுந்து கெடக்கு, சுத்தி மலை, தெக்குப் பக்கம் காடு அப்படியே கடல்ல எறங்குது. பெரிய ஊரு புவெர்த்தோ வயார்த்தா, ஹலிஸ்கோ மாநிலம். வடக்க அமேகா ஆறு வந்து கடல்ல விழுது, அதத் தாண்டுனா நயாரித் மாநிலம். ஒரு விசயம் கேட்டு ரொம்ப சிரிச்சேன். 2010 வரைக்கும் ஆத்துக்கு அந்தாண்ட ஒரு நேரம் இந்தாண்ட ஒரு நேரமாம், பாலத்தத் தாண்டுனா கடியாரத்த ஒரு மணி நேரம் மாத்தணும். யோசிச்சிப் பாருங்க, கொள்ளிடம் பாலத்துல ஏறும்போது மணி பத்து, எறங்கும்போது மணி ஒம்போது. ஃப்ளைட்ட விட்டவங்க எத்தன பேரோ. அப்புறம் அந்தப் பக்கத்து ஊருங்களும் ஹலிஸ்கோ நேரத்துக்கே மாறிட்டாங்க. நமக்கும் அவுங்களுக்கும் பதினொன்றர மணி நேரம் வித்தியாசம், அந்த அரை மணி இருக்கே அதுலதான் வாத்திக்குப் போன் பண்ணும்போதெல்லாம் கணக்குத் தப்பும்.

மொத நாள் சாயங்காலம் வயார்த்தா கடற்கரை நடபாதையில சுத்துனோம். அங்க ஒரு ஆளு தோள்ல பெரிய சொரக்குடுக்கையத் தொங்க வுட்டுக்கிட்டு டம்ளர்ல எதையோ ஊத்தி வித்துக்கிட்டு இருந்தாரு. தூபான்னு பேரு. வாங்கி ஒரு வாய் குடிச்ச ஒடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி, இது தென்னங்கள்ளுடா! லேசா புளிச்சது, இனிப்பு தூக்கலா. மேல ஆப்பிள் துண்டும் பருப்பும் போட்டுத் தர்றாங்க, அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல, கள்ளுல எதுக்குய்யா ஆப்பிள். பிலிப்பைன்ஸ்காரங்க கொண்டாந்த பழக்கமாம் இது. 1565லேந்து 1815 வரைக்கும் மணிலாவுலேந்து அகபுல்கோவுக்கு ஸ்பெயின்காரன் கப்பல் ஓட்டியிருக்கான், அதுல வந்த ஆளுங்க இந்தக் கரையில தென்ன மரத்துல ஏறிப் பாளையச் சீவ ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல மரம் இருக்கு, ஏறுற ஆளு இருக்கான், எறக்குனா கேசு. அங்க போலீஸ்காரரே நின்னு ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போறாரு. பாய் குடிக்கல, எளநி வாங்கிக்கிட்டான்.

படகு கொக்கோடதுன்னு முழுசா சொல்ல முடியாது. ஆபீஸ்ல ரெண்டு பேரோட கூட்டா வாங்குனது, முப்பது அடி, அவன் வயசுதான் அதுக்கும் இருக்கும். அந்த ரெண்டுல ஒருத்தர் அந்த ஊர்க்காரர், வயசு அம்பதுக்கு மேல, நாங்க கேப்டன்னே கூப்புட்டோம், அவருக்கும் அது புடிச்சிருந்துச்சி. படகு நிக்கிறது லா க்ரூஸ்ங்கிற எடத்துல, வளைகுடாவோட வடக்குப் பக்கம். சொந்தப் படகுன்ன ஒடனே நான் ஏதோ ஏசி ரூம் எல்லாம் இருக்கும்னு நெனச்சேன். உள்ள குனிஞ்சிதான் போவணும், கொக்கு நாலா மடங்கிப் போறான். டீசல் வாடை, ஈரக் கயித்து வாடை, எல்லா பலகையும் எதையோ மூடிக்கிட்டு இருக்கு, தூக்குனா கீழ ஒரு கருவியோ ஒரு பீன்ஸ் டப்பாவோ இருக்கும். படகு வச்சிருக்குறதும் பம்புசெட்டு வச்சிருக்குறதும் ஒண்ணுதான். ஓடுற நேரத்த வுட ரிப்பேர் பாக்குற நேரந்தான் சாஸ்தி. காலையில எட்டு மணிக்குக் கெளம்ப வேண்டியது, இன்ஜின்ல தண்ணி வெளிய வரலன்னு ஒம்பதரை ஆயிடுச்சி. கேப்டன் ஒரு ரப்பர் சக்கரத்த மாத்துனாரு, சின்னப்புள்ள வெளையாட்டு காத்தாடி மாதிரி இருந்துச்சி அது, ரெண்டு எதழ் பிஞ்சிருந்துச்சி.

போவ வேண்டிய எடம் யெலாப்பா, நேர் எதிர்க்கரை, தெக்கால. சுமாரா முப்பது கிலோமீட்டர், எங்க படகு போற போக்குக்கு மூணு மணி நேரம். பஸ்ஸுல போனா என்னன்னு கேட்டேன். அங்க ஒழுங்கான ரோடு கெடையாதாம், கடலோரமா போற ஹைவே போக்கா தெ தொமாத்லானோட மலைப்பக்கம் திரும்பிடுது, அதுக்கு அந்தாண்ட இருக்குற ஊருங்களுக்கெல்லாம் பெரும்பாலும் படகுதான். ஃபைபர் படகுல அவுட்போர்டு இன்ஜின மாட்டிக்கிட்டு ஜனங்க சாமான் செட்டோட போறாங்க, பாங்கான்னு சொல்றாங்க அத. ஒண்ணு எங்களத் தாண்டிப் போச்சி, கேஸ் சிலிண்டர் நாலு, ஒரு கோழிக்கூண்டு, ஒரு பாட்டி. நாகப்பட்டினத்து ஃபைபர் போட்டு அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சி. நம்மாளுங்க நீள வால் வச்ச டீசல் இன்ஜின் போட்டிருப்பாங்க, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

வழியில பெரிய டூரிஸ்ட் படகு ஒண்ணு பாட்டப் போட்டுக்கிட்டு போச்சி, ரெண்டு படக ஒட்டி வச்ச மாதிரி அகலமா, மேல நூறு பேராவது இருப்பாங்க. கேப்டன் கையக் காட்டி "கத்தமரான்"னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சி. அது எங்க வார்த்த, கட்டுமரம், தமிழுன்னு நான் நெஞ்சத் தட்டிச் சொல்ல, கொக்கு அத ஸ்பானிஷ்ல சொல்ல, அவரு மரியாதையா தலைய ஆட்டுனாரு. ராத்திரி வாத்திக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா அவன் ஒரே போடா போட்டான். வார்த்த நம்மளுதுதான், ஆனா நம்ம கட்டுமரம் நாலஞ்சு கட்டைய வரிசையா வச்சி கயித்தால கட்டுறது, நடுவுல சந்தே இருக்காது, இந்த ரெட்டப் படகு அமைப்பு பசிபிக் தீவுக்காரன் கண்டுபிடிச்சது, வெள்ளக்காரன் பேர மாத்தி வச்சிட்டான், நீ ரொம்ப ஆடாதன்னான். இவன் வராததே நல்லதாப் போச்சின்னு பாய் சொன்னான்.

பதினோரு மணிக்கெல்லாம் பசி. கொக்கு பொண்டாட்டி புளிசாதம் கட்டிக் குடுத்திருந்துச்சி, வாழ எல கெடைக்கிற ஊரு அது, எலயிலயே பொட்டலம். கேப்டன் ஒரு வாய் வச்சிட்டு "தமரிந்தோ!"ன்னாரு. அங்கயும் புளி உண்டு, ஆனா மொளகாப்பொடியும் சக்கரையும் போட்டு முட்டாயா திங்கிறாங்க, சோத்துல போட்டு இப்பதான் அவரு பாக்குறாராம். ஓதப் போன காலத்து அரபிய எடுத்து வுட்டான் பாய், தமர் ஹிந்தின்னா இந்தியப் பேரீச்சம்பழம், அதுலேந்துதான் இவுங்க பேரு. கேப்டன் ரெண்டாவது பொட்டலத்தப் பிரிச்சாரு. அது என் பொட்டலம்.

இப்ப யெலாப்பா கதைக்கு வர்றேன், இதுக்குத்தான் இவ்ளோ நீட்டி முழக்குனேன்.

பன்னெண்டரை மணி இருக்கும் போய்ச் சேரும்போது. மலைக்கு நடுவுல சின்னதா ஒரு குடா, உள்ள மணலு, ஓலைக் கொட்டாய் போட்ட ஓட்டலுங்க, ஒரு ஆறு வந்து மணல்ல சேருது. ஒரு பாங்கா எங்கள நோக்கி வேகமா வந்துச்சி, பதினெட்டு இருவது வயசுப் பையன், மெதக்குற ஒரு உருண்டையக் காட்டி அதுல கட்டிக்கங்க காசு குடுங்கன்னான். தண்ணிக்கு அடியில கனமான எதையோ போட்டு அதுலேந்து கயிறு வுட்டு மேல மெதவ கட்டி வச்சிருக்காங்க, அதுக்கு வாடக. கேப்டன் சரின்னு தலையாட்டுறதுக்குள்ள கொக்கு முந்திக்கிட்டான், எங்ககிட்ட நங்கூரம் இருக்கு வேணாம்னுட்டான். கொக்கு காலேஜ்லேந்தே அப்படித்தான், பரோட்டா தின்ன காசுக்கே சால்னா ரெண்டு தடவ தனியா கேப்பான். பையன் தோளக் குலுக்கிட்டு "ஓந்தோ, முய் ஓந்தோ"ன்னான். ஆழம், ரொம்ப ஆழம்னு அர்த்தம். சொல்லிட்டுப் போவல, அங்கனயே இன்ஜின அணைச்சிட்டு உக்காந்து பாக்க ஆரம்பிச்சிட்டான், என்ன ஆவும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

நங்கூரம் போடுறதுன்னா டொபக்குன்னு போட்டா நின்னுடும்னு நான் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. ஆழம் எவ்ளோவோ அதப்போல அஞ்சு மடங்கு, முடிஞ்சா ஏழு மடங்கு சங்கிலி வுடணும், அப்பதான் நங்கூரம் சாய்வா இழுபட்டு மண்ணக் கவ்வும். நேரா தொங்குச்சின்னா கவ்வாது. பத்து மீட்டர் ஆழத்துக்கு அம்பது மீட்டர் சங்கிலின்னா, எங்ககிட்ட இருந்ததே அம்பது மீட்டர்தான். யெலாப்பாவுல கரைக்குக் கல்லெறியிற தூரத்துலயே மீட்டர் முப்பதக் காட்டுது. மலை எப்படி எறங்குதோ அப்படியே தண்ணிக்குள்ளயும் எறங்கிக்கிட்டே போவுது, திட்டுன்னு ஒண்ணு கெடையாது. கொக்கு பிடிவாதமா கரைய ஒட்டிப் போயி போட்டான். சங்கிலி கரகரகரன்னு ஓடுச்சி, ஓடிக்கிட்டே இருந்துச்சி, நான் முன்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன், கடைசி வளையம் படகுல கட்டியிருந்த எடத்துல டங்குன்னு வந்து நின்னுச்சி. புடிச்சிடுச்சின்னு நெனச்சோம். பாய் மட்டும் கரையில ஒரு தென்ன மரத்தையும் அதுக்குப் பின்னாடி ஒரு வூட்டு ஓட்டையும் பாத்துக்கிட்டே இருந்தான். "டேய், மரம் வூட்ட வுட்டு நவுருதுடா"ன்னான். மரம் நவுரல, நாங்கதான் நவுந்துக்கிட்டு இருந்தோம். அடியில நங்கூரம் சரிவுல வழுக்கி அந்தரத்துல தொங்குது, படகு வளைகுடாவுக்குள்ள திரும்பிப் போய்க்கிட்டு இருக்கு, மீட்டர்ல மறுபடி அந்த மூணு கோடு.

இழுக்கணும். மோட்டார் கெடையாது, கையாலதான். அம்பது மீட்டர் சங்கிலி, நுனியில நங்கூரம், கெணத்துல நூறு கொடம் ஒண்ணா கட்டி இழுக்குற மாதிரி. நானும் பாயும் மாத்தி மாத்தி இழுத்தோம், உரமூட்ட தூக்குற கை எனக்கு, அதுவே உள்ளங்கை செவந்து தோலு உரிஞ்சிடுச்சி. கொக்கு பின்னாடி நின்னு "சீக்கிரம் சீக்கிரம்"ங்குறான். அவனுக்கு அன்னிக்கி பாய் திருப்பிச் சொன்னத இங்க எழுத முடியாது. எல்லாம் மேல வந்த பொறவு அந்தப் பையன் மெதுவா இன்ஜினப் போட்டு பக்கத்துல வந்தான். மூஞ்சியில சிரிப்பே இல்ல, அது இன்னும் மோசம். அதே மெதவ, அதே வாடக, ஒரு பெசோகூட ஏத்தல. கேப்டன் அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல, மீதிப் புளிசாதத்த முடிச்சிருந்தாரு.

உள்ளங்கையில எண்ண தடவிக்கிட்டு உக்காந்திருக்கும்போது பாய்தான் ஆரம்பிச்சான். "முத்துப்பேட்ட ஞாவகம் இருக்கா?"

2003. சுனாமிக்கு மொத வருசம். நாலு பேரும் ரெண்டாம் வருசம் படிக்கிறோம். பாயோட மாமா வள்ளம் வச்சிருந்தாரு, அவருக்குத் தெரியாம எடுத்துக்கிட்டு லகூனுக்குப் போயிட்டோம். ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேத்துலேந்து வேரு ஆணி அடிச்ச மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும், நடுவுல கோரையாறு. வாய் தொறந்து லகூனுக்குள்ள போனதும் எங்க பாத்தாலும் தண்ணி, கடல்லயே போற மாதிரி ஒரு தெனாவெட்டு. கொக்குதான் தாங்குகழி போட்டான், அப்பவும் அவன்தான் கேப்டன். மத்தியானத்துக்கு மேல தண்ணி வத்த ஆரம்பிச்சிருக்கு, எங்களுக்கு எங்க தெரியும். ஒரு மீட்டர் தண்ணியில அரை அடி கொறஞ்சாலும் கதை முடிஞ்சிது. சர்ருன்னு ஒரு சத்தம், வள்ளம் நின்னுடுச்சி. கழிய ஊனுனா கழி உள்ள போவுது, வெளிய வர மாட்டேங்குது, அத இழுக்கப் போயி வாத்தி சேத்துல தலைகீழா விழுந்தான். எறங்கித் தள்ளலாம்னா முட்டி வரைக்கும் பொதையுது, காலத் தூக்குனா செருப்பு உள்ளயே தங்கிடுது. என் செருப்பு ஒண்ணு இன்னமும் அங்கதான் கெடக்கு.

அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம். தண்ணி இல்ல, ஒரு பாக்கெட் பிஸ்கட், கொசு. இருட்டுன பொறவு மடவ மீனு துள்ளித் துள்ளி வள்ளத்துக்குள்ளயே வந்து விழுந்துச்சி, மொத மீனு கொக்கு மடியில விழுந்தப்ப அவன் போட்ட சத்தத்துல கரையில நாயி கொலச்சிருக்கும். ராத்திரி ஒம்போது மணிக்கு மாமா இன்னொரு படகுல அரிக்கன் வெளக்கோட வந்தாரு. திட்டவே இல்ல. மடவையப் பொறுக்கி எத்தனன்னு எண்ணுனாரு, "பதினேழு, பரவால்லயே தம்பி, தூண்டிலே இல்லாம"ன்னாரு. அவரு இப்ப இல்ல.

அங்க அடி தட்டி மாட்டுனோம், இங்க அடியே கெடைக்காம மாட்டுனோம்னு கொக்கு சொன்னான். ரெண்டுலயும் படகு ஓட்டுனது நீதான்டான்னு பாய் சொன்னான்.

யெலாப்பா கரையப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, அழகா இருந்துச்சி, கூட்டமா இருந்துச்சி. பொம்பளைங்க தலையில பெரிய டப்பாவ வச்சிக்கிட்டு மணல்ல நடந்து பை விக்கிறாங்க, தேங்கா, எலுமிச்ச, வாழப்பழம்னு. நடை அப்படியே நம்மூரு மீன்காரம்மா நடை, ஒரு கை மேல, இடுப்பு ஆடாம. தேங்கா பை தின்னேன், பூரணக் கொழுக்கட்டைய வெண்ணெயில போட்ட மாதிரி இருந்துச்சி. குச்சியில சொருகி நெருப்புல வாட்டுன மீனு இந்தக் கரையெல்லாம் விக்கிது. பேரு பெஸ்காதோ எம்பரசாதோ. கொக்கு மொத தடவ வந்தப்ப பயந்துட்டானாம், எம்பரசாதான்னா புள்ளத்தாச்சின்னு அர்த்தம். என்னன்னா, குச்சியில சுட்டதுங்கிறத ஸ்பானிஷ்ல வேகமா சொன்னா அப்படிக் கேக்கும், அதையே வெளையாட்டாப் பேரா வச்சிட்டாங்க. மிளகாயும் எலுமிச்சையும் தடவி நல்லாத்தான் இருந்துச்சி, எங்க கோடியக்கர மீனுக்கு முன்னாடி நிக்காது, அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

மூணரைக்குத் திரும்புனோம். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து மேற்காலேந்து வரும்னு கேப்டன் காலையிலயே சொல்லியிருந்தாரு, சொன்ன மாதிரியே வந்துச்சி. பாய்மரத் துணிய ஏத்திட்டு இன்ஜின அணைச்சாரு. அதுவரைக்கும் தடதடன்னு காதுல இருந்த சத்தம் நின்னதும், ஓடுற தண்ணியோட சத்தம் மட்டும், மதகுல தண்ணி பாயிற மாதிரி. அதுக்கு அடுத்த நிமிசம் படகு ஒரு பக்கமா சாஞ்சிது. நான் கம்பியக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். கவுராதான்னு கேட்டா, அடியில டன் கணக்குல கனம் தொங்குது, சாய்க்க சாய்க்க அதுவே நிமுத்தும்னாரு கேப்டன். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மதான்! அடி கனமா மேல லேசா, எப்படித் தள்ளுனாலும் எழுந்து உக்காந்துக்கும். இத நானே கண்டுபிடிச்சேன், வாத்திகூட ராத்திரி ஒத்துக்கிட்டான், இருவது வருசத்துல அவன் எனக்குக் குடுத்த மொத பாஸ் மார்க்கு. தத்துவம் புரிஞ்சிச்சி, கம்பிய மட்டும் வுடல.

மேல கூழைக்கடா பறந்துச்சி. அந்த ஊரு கூழைக்கடா பழுப்பு நெறம், ஒசரத்துலேந்து றெக்கைய மடக்கிக் கல்லு மாதிரி தண்ணியில விழுது. நம்ம ஊரு கூழைக்கடா அப்படியெல்லாம் பண்ணாது, நிதானமா நீந்திக்கிட்டே அள்ளும், சம்பளம் வாங்குற ஆளு மாதிரி.

பாதி வளைகுடா தாண்டுனப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம். லாரி ஏர் பிரேக் அடிச்ச மாதிரி. திரும்பிப் பாத்தா எடது பக்கம் தண்ணியில ஒரு கருப்பு முதுகு, வளவளன்னு, அது முடியவே மாட்டேங்குது, போய்க்கிட்டே இருக்கு, பக்கத்துலயே இன்னொரு சின்ன முதுகு. கூன்முதுகுத் திமிங்கலம், தாயும் குட்டியும். வடக்கக் குளிர்க் கடல்லேந்து மார்கழி வாக்குல இந்த வெதுவெதுப்பான தண்ணிக்கு வருதுங்க, இங்க குட்டி போட்டு பங்குனி வாக்குல திரும்பிடும், தலப்பிரசவத்துக்குப் பொறந்த வூட்டுக்கு வர்ற மாதிரி. ஒரே வித்தியாசம், பொறந்த வூட்ல போட்டுப் போட்டு ஊட்டுவாங்க, இங்க தாய் பெருசா எதுவும் திங்காது, ஒடம்புல சேத்து வச்ச கொழுப்புலயே குட்டிக்குப் பாலு குடுக்கும். கேப்டன் ஒடனே படகத் திருப்பி பாய்மரத் துணியத் தளர்த்துனாரு, பக்கத்துல போவக் கூடாதுன்னு சட்டம், அவரு சட்டத்துக்காகப் பண்ணுன மாதிரி தெரியல, தொப்பியக் கழட்டி மடியில வச்சிக்கிட்டாரு.

காத்து எங்க பக்கம் அடிச்சிது, அது வுட்ட மூச்சு மூஞ்சியில பட்டுச்சி. கெட்டுப்போன கருவாட்டு வாடை! இத யாரும் போட்டோவுல சொல்றதில்ல. அப்புறம் வாலத் தூக்கிட்டு உள்ள போச்சி, போன எடத்துல தண்ணி மட்டும் வட்டமா வழவழன்னு, எண்ண ஊத்துன மாதிரி அலையே இல்லாம ரொம்ப நேரம் இருந்துச்சி. நான் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். மீட்டர்ல மூணு கோடு. காலையில பாத்தப்ப அந்த மூணு கோட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னுதான் எனக்குத் தோணிச்சி.

மரியெத்தாஸ் தீவுக்குப் போகல, அது தேசியப் பூங்கா, அனுமதி வாங்கணும், ஆளுக்கணக்கு உண்டு. எல்லாரும் அங்க போட்டோ எடுக்கத்தான் போறாங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. பொழுது சாயும்போது லா க்ரூஸுக்கு வந்துட்டோம். கடல்ல சூரியன் முழுகுறத அன்னிக்கித்தான் நான் ஒழுங்கா பாத்தேன், நமக்கு நாகப்பட்டினத்துலயும் வேளாங்கண்ணியிலயும் கடல்லேந்து கெளம்பித்தானே பழக்கம், கொஞ்ச நேரம் ஏதோ ரிவர்ஸ்ல ஓடுற மாதிரியே இருந்துச்சி. அங்க முட்ட போடுற ஆமையும் நம்ம பங்குனி ஆமை சாதியே, ஆனா அங்க அது ஆடியிலேந்து மார்கழி வரைக்கும். எல்லாமே தலைகீழ்.

இந்த மார்கழியில வாத்தி கேட்டான், என்னய மட்டும் வுட்டுட்டுப் போனீங்கள்ல, எனக்கு என்ன பண்ணப் போறேன்னு. முத்துப்பேட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இப்பெல்லாம் மாமா வள்ளத்த எடுத்துக்கிட்டு ஓட முடியாது, வனத்துறை அனுமதி வாங்கி ஜாம்புவானோடையிலேந்து படகு ஏறணும். 2018 கஜா புயல்ல அந்தக் காடு பட்ட பாட்டப் பாத்தவங்களுக்குத் தெரியும், எலை ஒண்ணு இல்லாம காஞ்சி நின்னுச்சி. இப்ப பச்ச திரும்பியிருக்கு, அங்கங்க மொட்டையா நிக்கிற மரம் மட்டும் அப்படியே. மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டி வுட்டிருக்குற எடத்துல கடல் தண்ணி உள்ள போயி வந்து கன்னுங்க நல்லா எழும்பியிருக்கு. மீன் புடிக்க வாய்க்கா வெட்டுறது அந்த ஊரு மீன்காரங்களுக்குப் பழைய வழக்கம், மாமாவும் ஒரு வாய்க்கா வச்சிருந்தாரு.

லகூனுக்குள்ள போயி ஒரு இருவது நிமிசம் ஆயிருக்கும், படகுக்கார அண்ணன் இன்ஜின மேல தூக்கிட்டாரு. கழிய எடுத்து ஊனுனாரு. சர்ரு. அந்த சத்தம் எனக்கு மறக்குமா.

"வத்திக் கெடக்கு சார், ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்குனீங்கன்னா தள்ளிடலாம்"னாரு.

வாத்தி என்னப் பாத்தான். நான் கழிய வாங்கி, தண்ணி நனைச்சிருந்த எடத்துல வெரல வச்சி போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். இங்க காலையில பத்து, அங்க ராத்திரி பத்தரை. கொக்கு முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்.

"எத்தன அடி?"

"ரெண்டு"ன்னு போட்டுட்டு, இந்தத் தடவ செருப்பக் கழட்டி படகுலயே வச்சிட்டு எறங்குனேன்.